வளர்ச்சி எப்போது நிற்கும்?

கல்லூரியில் ஒரு பாடம் உண்டு. அதன் பெயர் மனித வளர்ச்சி. மனையியலும் உளவியலும் படிப்பவர்கள் இதைப் படிக்கிறார்கள். கருவில் தொடங்கி முதுமை வரை மனிதர் எப்படி வளர்கிறார் என்று இந்தப் பாடம் சொல்கிறது.

வளர்ச்சி என்றால் உயரம் கூடுவது மட்டுமா? இல்லை. உடல் வளர்கிறது. பேச்சு வளர்கிறது. அறிவு வளர்கிறது. பிறரோடு பழகும் குணமும் வளர்கிறது. உயரம் ஒரு வயதில் நின்றுவிடும். மற்றவை அப்போது நிற்பதில்லை.

குழந்தைப் பருவம்

பிறக்கும் குழந்தை 2.5 கிலோவுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 5 மாதத்தில் அதன் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். 1 வயதில் மூன்று மடங்கு ஆகும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். பிறகு தாய்ப்பாலோடு, பருப்பும் சோறும் மசித்து ஊட்ட வேண்டும்.

எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதத்தில் நடப்பதில்லை. ஒரு குழந்தை 10 மாதத்தில் நடக்கும். இன்னொரு குழந்தை 15 மாதத்தில் நடக்கும். இரண்டும் சரிதான். 18 மாதம் ஆகியும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குழந்தைக்குப் பேச்சும் உணவு போன்றது. வேலை செய்துகொண்டே குழந்தையோடு பேசலாம். கேட்டுக் கேட்டுத்தான் அது மொழியைக் கற்கிறது. இதற்குக் காசு செலவு இல்லை.

வளரிளம் பருவம்

10 வயது முதல் 19 வயது வரை வளரிளம் பருவம். பெண் வயதுக்கு வருகிறாள். பையனுக்குக் குரல் உடைகிறது.

"பெண் வயதுக்கு வந்துவிட்டாள். இனிக் கல்யாணம் செய்துவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். இது தவறு. அவள் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்த வயதில் பிள்ளை பெற்றால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம்.

நடு வயதும் முதுமையும்

எரிக் எரிக்சன் என்பவர் ஓர் உளவியல் அறிஞர். அவர் 1950இல் ஒரு நூல் எழுதினார். அதில் மனித வாழ்வை 8 பருவங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு பருவத்திலும் மனம் வளர இடம் உண்டு என்றார். கைக்குழந்தை பிறரை நம்பக் கற்கிறது. நடு வயதினர் அடுத்த தலைமுறையை ஆளாக்குகிறார்கள். முதியவர் தாம் வாழ்ந்த வாழ்வில் நிறைவு தேடுகிறார்.

40 வயதைத் தாண்டினால் பலருக்குக் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும். இதுதான் வெள்ளெழுத்து. "எனக்குப் படிப்பு ஏறவில்லை" என்று சிலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். குறை அறிவில் இல்லை. கண்ணில் இருக்கிறது. கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டால் எழுத்து தெரியும்.

வயதானால் புதிய செய்தி மனத்தில் பதியக் கொஞ்சம் நேரம் ஆகும். ஆனால் அனுபவ அறிவு எளிதில் குறையாது. தெரிந்த சொற்களும் எளிதில் மறக்காது. மெல்லக் கற்றாலும் கற்க முடியும்.

இதற்குக் கார்த்தியாயனி அம்மா ஒரு சாட்சி. இவர் கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்தவர். சிறு வயதில் படிக்க வழியில்லை. கூட்டிப் பெருக்கும் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். 2018இல் எழுத்தறிவுத் தேர்வு எழுதினார். அப்போது அவருக்கு வயது 96. 100க்கு 98 மதிப்பெண் பெற்றார்! 2020இல் குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கினார். 2023இல் தமது 101ஆம் வயதில் காலமானார்.

"இந்த வயதில் படிப்பு எதற்கு?" என்று யாராவது கேட்டால், அவர் கதையைச் சொல்லுங்கள். மனித வளர்ச்சிப் பாடமும் அதையேதான் சொல்கிறது.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் பெண்களுக்கு எந்த வயதில் திருமணம் நடக்கிறது?
2. வெள்ளெழுத்து என்றால் என்ன? அதற்கு என்ன செய்ய வேண்டும்?
3. உங்கள் வீட்டுப் பெரியவர் எந்தெந்த வேலையில் கைதேர்ந்தவர்? அவரிடம் நீங்கள் எதைக் கற்கலாம்?