நினைவை எழுதும் நொதி மூளையில் எங்கே இருக்கிறது?



"அப்பாவுக்குக் காலையில் சாப்பிட்டது நினைவில்லை. ஆனால் ஐம்பது வருடத்திற்கு முன் நடந்த கல்யாணத்தை ஒன்றுவிடாமல் சொல்கிறார். வேண்டுமென்றே செய்கிறாரோ?" முதியோரைப் பராமரிக்கும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. விடை காண, மூளையிலுள்ள ஒரு நொதியைப் பற்றி இம்முறை படிப்போம்.

எங்கே இருக்கிறது?

நொதி என்பது உடலின் ரசாயன மாற்றங்களைத் துரிதப்படுத்தும் புரதம். 'கேம் கைனேஸ் 2' என்ற நொதி நரம்புச் செல்லுக்குள் செய்தி கடத்துகிறது. மூளையின் பல பகுதிகளில் இது உண்டு. ஆனாலும் பொட்டுப் பகுதிக்கு உட்புறம், பக்கத்திற்கு ஒன்றாக, கடற்குதிரை வடிவில் அமைந்துள்ள 'ஹிப்போகாம்பஸ்' பகுதியில் மிகுதியாக இருக்கிறது. அங்குள்ள மொத்தப் புரதத்தில் நூற்றுக்கு 2 பங்கு வரை இந்த ஒரு நொதியே! ஒரு நரம்புச் செல் மற்றொன்றிடமிருந்து செய்தி வாங்கும் இடத்தில் இது செறிந்து நிற்கிறது.

என்ன செய்கிறது?

செய்தி பலமாக வரும்போது செல்லுக்குள் கால்சியம் நுழைகிறது. உடனே நொதி விழித்துக்கொள்கிறது. இதன் 12 அலகுகளும் வளையமாக அமைந்து, ஒன்றையொன்று தூண்டுகின்றன. ஆகவே கால்சியம் குறைந்த பின்னும் வேலை சிறிது நேரம் தொடர்கிறது. அந்த இணைப்பு வலுப்பெறுகிறது. புதிய நினைவு பதிவதற்கு இது ஒரு முக்கியப் படி.

1992-ல் அமெரிக்காவில் சுசுமு டோனேகாவாவின் ஆய்வுக்கூடத்தில், இந்நொதியின் ஆல்ஃபா வகை இல்லாத எலிகளை நீர்த்தொட்டியில் விட்டார்கள். நீருக்கடியில் மறைந்திருந்த மேடையின் இடத்தைக் கற்றுக்கொள்ள அவை திணறின.

மனிதரில்?

1953-ல் அமெரிக்கரான ஹென்றி மொலைசன் என்பவருக்கு, வலிப்பு நோய்க்காக இருபுற ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அறுவை செய்து நீக்கினார்கள். சிறுவயது நினைவுகள் அவருக்கு இருந்தன. ஆனால் 2008-ல் இறக்கும்வரை, அன்றன்று சந்தித்தவர்களை அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பழைய நினைவுகள் மூளையின் மற்றப் பகுதிகளில் தங்கியிருந்தன. புதியதை எழுதும் இடமே பழுதாயிற்று.

நாம் அறிய வேண்டியது

அல்சைமர் நோயும் ஆரம்பத்திலேயே இப்பகுதியைத் தாக்குகிறது. எனவே ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பவர் பிடிவாதம் பிடிக்கவில்லை; நாம் சொன்ன பதில் அவருக்குள் பதியவில்லை. கடிந்துகொள்ளாமல் பதினோராம் முறையும் பதில் சொல்லுங்கள். தேதியையும் மருந்து வேளையையும் பெரிய எழுத்தில் எழ்தி, அவர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். மருத்துவரிடமும் காட்டுங்கள், தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு.