ஈரலில் சேரும் கொழுப்பு: வகைகளும் பின்விளைவுகளும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த கிராமங்கள் பல, இன்று தொழிற்சாலைகளின் நடுவே அமைந்துள்ளன. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. வருவாய்க்கு வழி பிறந்தது. ஆனால், வயலில் உழைத்துப் பழகிய குடும்பங்களில் பலர் இன்று ஓரிடத்தில் நின்றோ உட்கார்ந்தோ வேலை செய்கின்றனர். ஷிப்டு முறையால் உறக்கமும் உணவு வேளையும் மாறிவிட்டன. இத்தகைய மாறுதலோடு வரும் நோய்களுள் ஓசையின்றி வளர்வது கொழுப்பு ஈரல் நோயாகும். இதனைப் பற்றி நாம் அறிந்துகொள்வது அவசியம்.

நோயின் வகைகள்

ஈரலின் உயிரணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் தேங்கினால் அதனை மருத்துவர்கள் கொழுப்பு ஈரல் என்கின்றனர். இதில் முக்கியமானவை இரண்டு. மிகுதியாக மது அருந்துவதால் வருவது ஒன்று. நீரிழிவு, பருத்த வயிறு, இரத்தக் கொதிப்பு, இரத்தத்தில் கொழுப்பு மிகுதல் ஆகியவற்றோடு சேர்ந்து வருவது மற்றொன்று. இரண்டும் ஒருவரிடமே கூடியிருப்பதும் உண்டு. அப்போது கேடு விரைந்து முற்றும். இவையன்றி, சில மருந்துகளாலும் ஈரலில் கொழுப்புச் சேரலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அரிதாகத் திடீரென வருவதும் ஒன்றுண்டு. அதற்கு உடனே மருத்துவமனைச் சிகிச்சை வேண்டும்.

பருத்தவர்க்கே இந்நோய் வரும் என்று எண்ணுவது தவறு. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் நடந்து, 2010-இல் வெளிவந்த ஆய்வில், நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் உடல் பருமனோ தொந்தியோ இல்லாதவர்கள். சென்னை நகரில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில் இவ்வெண்ணிக்கை நூற்றுக்கு 32 ஆக இருந்தது. கிராம வாழ்க்கை நகர வாழ்க்கையாக மாறும்போது என்ன நேரக்கூடும் என்பதை இவ்விரு எண்களும் எச்சரிக்கின்றன.

நெடுநாளைய அபாயம்

கொழுப்பு மட்டும் சேர்ந்துள்ள நிலை முதற்படி. இந்நிலையில் உள்ளோரில் பெரும்பாலோர்க்கு ஈரல் கெட்டுவிடுவதில்லை. சிலருக்கு ஈரலில் அழற்சி உண்டாகிறது. புண்பட்ட இடங்களில் தழும்பு படர்கிறது. தழும்பை நான்கு படிகளாக மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். மதுவினால் வராத வகையில், கொழுப்பு மட்டும் உள்ளவர்க்கு ஒரு படி ஏறச் சராசரியாக 14 ஆண்டுகளும், அழற்சியும் சேர்ந்தவர்க்கு 7 ஆண்டுகளும் ஆகின்றன. நான்காம் படியே ஈரல் சுருக்கம். அப்போது வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி, அறிவு மயக்கம், ஈரல் புற்றுநோய் ஆகியவை நேரலாம். மதுவினால் வராத வகையில், ஈரல் சுருங்காமலே புற்றுநோய் தோன்றுவதும் உண்டு.

மற்றோர் உண்மையையும் கருதவேண்டும். இவ்வகை நோயாளிகளின் மரணத்துக்கு முதற்காரணமாக இருப்பது ஈரல் அன்று, இருதய நோயே. ஆகவே ஈரலில் கொழுப்பு என்று தெரிந்தால், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்தே கவனிக்கவேண்டும்.

கண்டறிதலும் பரிகாரமும்

ஆரம்பத்தில் வலியோ மஞ்சள் காமாலையோ இராது. வயிற்று ஸ்கேன் கொழுப்பைக் காட்டும். தழும்பு படர்ந்திருக்கக்கூடுமா என்பதை, வயதையும் சாதாரண இரத்தப் பரிசோதனைகள் மூன்றின் முடிவுகளையும் கொண்டு மருத்துவர் மதிப்பிடுவார். நீரிழிவுள்ளோர் இதனைக் கேட்டறிவது நன்று.

ஈரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தால் ஈரலில் கொழுப்புக் குறையும். 6 முதல் 8 கிலோ குறைத்தால் அழற்சியும் தணியக்கூடும். இதற்குப் பட்டினி வேண்டாம். சர்க்கரையிட்ட பானங்களை விடுதல், சோற்றைச் சிறிது குறைத்துக் கீரை, காய், பருப்பு வகைகளைக் கூட்டுதல், வாரத்தில் 150 நிமிஷம் வேகமாக நடத்தல் ஆகியவையே போதும். மதுவினால் வந்த கொழுப்பு, குடியை அறவே விட்டால் சில வாரங்களில் பெரும்பாலும் நீங்கும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையோடு விடுவதே பாதுகாப்பானது. ‘ஈரல் டானிக்’ என்று விற்கப்படுவனவற்றையும் ஆராயாது அருந்துதல் கூடாது. சில பச்சிலை மருந்துகளே ஈரலைக் கெடுப்பதுண்டு.

ஊராட்சியின் கடமை

2021-இல் மத்திய அரசு இந்நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. அதே ஆண்டில் நம் மாநிலத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டு, நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்க்கு வீட்டிலேயே மருந்து கிடைக்க வழி ஏற்பட்டது. இந்த வாய்ப்புகளை மக்கள் பயன்படுத்தச் செய்வது ஊராட்சி அங்கத்தினர்களின் பொறுப்பாகும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை கிராம சபைக்கு அழைத்துப் பேசச் செய்யலாம். ஷிப்டு முடிந்து வருவோர்க்கு ஏற்ற நேரத்தில் பரிசோதனை முகாம் கேட்டுப் பெறலாம். ஏரிக்கரையை விளக்கிட்டு நடைபாதையாக்கலாம். மாலையில் பெண்களும் அச்சமின்றி நடக்க அது உதவும்.

வயலுக்குத் தழை உரம் இடுவது போலவே உடலுக்கும் முன்கூட்டிய கவனிப்பு வேண்டும். முதற்படியிலேயே அறிந்து திருத்திக்கொள்ளும் கிராமம், உழைக்கும் வயதினரை இழக்காது.