இணைந்த பணிகளும் பட்டியலின் காவலும்

ஏரியின் மதகை அகலப்படுத்திவிட்டு, அதனின்று செல்லும் வாய்க்காலைப் பழைய அளவிலேயே விட்டால் வாய்க்காற்கரை உடையும் என்பதை விவசாயிகள் நன்கு அறிவர். ஒன்றையொன்று சார்ந்த வேலைகளில் ஒன்றை மட்டும் மாற்றுதல் ஆபத்தாகும். கணினிக்கு மென்பொருள் எழுதுவோரும் இத்தொல்லையை எதிர்நோக்குகின்றனர். அவர்கள் கையாளும் முறையை இங்கு ஆராய்வோம்.

பலர் கூடி எழுதும் மென்பொருளில், யார், எப்போது, எதை மாற்றினார் என்னும் கணக்கு இருத்தல் அவசியம். முன்னர் இக்கணக்கு பெரும்பாலும் ஒரு மையக் கணினியில் மட்டுமே இருந்து வந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் லினக்ஸ் பணிக்கென 2005-ஆம் ஆண்டில் இயற்றிய 'கிட்' முறையிலோ, வேலை செய்யும் ஒவ்வொருவரும் வரலாறு முழுவதையும் தம்மிடமே பிரதியாக வைத்துக்கொள்ளலாம். பதிவான ஒவ்வொரு நிலைக்கும் தனி அடையாளக் குறி உண்டு.

இணைந்த பணிகள் பலவாகும்போது பின்வரும் விதிகள் பயன்படும்:

1. தனித்து வளரக்கூடிய ஒவ்வொரு பணிக்கும் தனிக் களஞ்சியம் வேண்டும்.

2. எந்தப் பணியின் எந்த நிலை, மற்றப் பணிகளின் எந்த நிலையோடு பொருந்தும் என்பதைப் பட்டியலாக எழுதி வைக்க வேண்டும். 'அண்மையில் வந்தது' என்று பொதுப்படக் குறித்தல் போதாது. அடையாளக் குறியையே குறித்தல் நன்று. ஆண்ட்ராய்டு மென்பொருள் நூற்றுக்கணக்கான களஞ்சியங்களாகப் பிரிந்துள்ளது. 'மேனிஃபெஸ்ட்' என்னும் ஒரு பட்டியலே அவற்றை ஒன்றுசேர்க்கிறது.

3. பட்டியலில் செய்யும் மாற்றங்களுக்கும் கணக்கு வைக்க வேண்டும்.

4. பட்டியலையும் பிரதிகளையும் அவ்வப்போது சோதித்தல் வேண்டும்.

நான்காம் விதியைப் புறக்கணித்தால் நேரும் விளைவை 'கே.டி.இ.' என்னும் மென்பொருட் குழுவின் அனுபவம் காட்டுகிறது. அக்குழுவிடம் சுமார் 1,500 களஞ்சியங்கள் இருந்தன. அவற்றின் பிரதிகள் வேறு பல கணினிகளிலும் இருந்தமையால் அச்சமில்லை என்று கருதினர். 2013-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மூலக் கணினியின் கோப்புகள் சிதைந்தன. களஞ்சியப் பட்டியலும் பழுதுற்றது. பிரதிக் கணினிகள் அப்பட்டியலை அப்படியே நம்பின; அதில் காணப்படாத களஞ்சியங்களைத் தாமும் அழித்துவிட்டன! தற்செயலாக ஒரு கணினியில் மட்டும் நல்ல பிரதிகள் எஞ்சியிருந்தன. அவற்றைக் கொண்டே பல்லாண்டு உழைப்பு மீட்கப்பட்டது.

இதனின்று நாம் அறிவது யாது? பிரதி எடுத்தல் வேறு, பாதுகாத்தல் வேறு. மூலத்தின் பிழையையும் உடனுக்குடன் ஏற்கும் பிரதி காவலாகாது. பழைய நிலையை மாற்றாமல் தனியே வைத்திருக்கும் பிரதி ஒன்றேனும் வேண்டும். பணிகளைப் பிணைக்கும் பட்டியலில் ஒரே நாளில் பல இனங்கள் மறைந்தால், யாரேனும் ஒருவர் பார்த்து உறுதி செய்யும்வரை எதையும் அழிக்கலாகாது. வாய்க்காலை அளந்து பார்த்த பின்னரே மதகைத் திறப்பது விவேகம்.