கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்

அன்புள்ள கயல்,

ராத்திரி இரண்டு மணிக்குக் கண்விழித்தால் மாப்பிள்ளை கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார், என்னைப் பிடிக்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது அத்தை என்று எழுதியிருந்தாய். உன் மாமாவுக்கு வேலை போன வருஷம் இதே பயத்தோடு நானும் படுத்துக் கிடந்தேன்.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, மூன்று மாதம் நீடித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். மாப்பிள்ளை அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டார். சாம்பாரில் உப்புக் கூடியதற்கு அவர் கத்துவதும் அதோடு சேர்ந்ததுதான். பெர்க்லியில் ஏமி கார்டனும் செரீனா சென்னும் தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஒருவர் சரியாகத் தூங்காவிட்டாலே, வாக்குவாதத்தின்போது இருவருமே மற்றவர் மனதைத் தப்பாகப் படிக்கிறார்களாம். நன்றாகத் தூங்கிய நீயும் சேர்த்துத்தான், கயல். அதனால் முக்கியமான பேச்செல்லாம் காலைப் பலகாரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒன்பது மணிக்கே படுக்கையை விரித்து மாமாவைப் படுக்கச் சொல்வேன். ஞாயிறு மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால், பாவம் தூங்கட்டும் என்று பிள்ளைகளைத் தெருவுக்கு விரட்டுவேன். வீடே அடிமேல் அடிவைத்து நடந்தது. சின்னவன் அப்பாவின் அறைக்கதவைப் பார்த்தாலே பயந்தான். பகலில் நொறுக்குத்தீனி தின்றால் ராத்திரிப் பசி போய்விடுகிற மாதிரி, பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும் என்று எனக்குத் தெரியவில்லை. போதாததற்குத் தினமும் காலையில் "தூங்கினீங்களா?" என்று கேட்பேன். அவருக்குப் படுக்கை பரீட்சைக்கூடமாகிவிட்டது.

1972-லேயே ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு வழி வகுத்தார். படுக்கை தூங்குவதற்கு மட்டும். இருபது நிமிஷம் போல் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். கண் சொக்கும்போதுதான் திரும்ப வேண்டும். எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். மாப்பிள்ளை கூடத்துக்குப் போவது சரியான காரியம்தான், கயல். அங்கே கைப்பேசியைப் பார்க்காமல் இருந்தால் போதும்.

இந்தப் பழக்கங்களை முறையாகக் கற்றுத்தரும் அறிதல் நடத்தைச் சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. பக்கத்துவீட்டுக்காரர் தரும் தூக்கமாத்திரை வேண்டவே வேண்டாம். மனநல மருத்துவரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். குறட்டைக்கு நடுவே மூச்சுத் திணறுகிறதா என்று கவனித்துச் சொல். அது வேறு நோயாக இருக்கலாம்.

உன் தூக்கமும் முக்கியம். சில நாள் தனி அறையில் படுத்தால் மாமியார் என்ன நினைப்பாரோ என்று மருகாதே. அவரிடம் நானே பேசுகிறேன்.

ஞாயிறன்று இருவரும் வாருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளைக்குப் பாய் விரிக்க மாட்டேன். மாமா அவரைக் குளக்கரைக்கு நடக்கக் கூட்டிப்போகக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
அத்தை