கணினிக்குப் புலப்படாத சேமிப்பகம்

ரூட்டரோடு இணைத்து வைத்த வலையமைப்புச் சேமிப்பகம், விளக்கு எரிந்துகொண்டிருந்தும் கணினிக்குத் தட்டுப்படாத சந்தர்ப்பங்களில், வட்டு நாசமாகிவிட்டதென்று அனுமானித்து அதனை ஃபார்மட் செய்ய முற்படுவதைப் போன்ற விபரீதம் வேறில்லை. முதற்கண் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, இணைந்துள்ள சாதனங்களின் ஜாபிதாவில் சேமிப்பகத்தின் ஐ.பி. முகவரியைக் கண்டறிந்து, ஃபோல்டர் சாளரத்தின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளையிட்டு அதன்பின் அம்முகவரியைத் தட்டெழுதுக. திறந்துகொண்டால், பழுது பெயரைத் தேடும் மார்க்கத்தில் மட்டுமே. அம்முகவரியை ரூட்டரிலேயே நிரந்தரமாக ஒதுக்கிவிடுவது உத்தமம். ஜாபிதாவிலேயே இல்லையெனில் கேபிளை மாற்றிப் பார்க்கவேண்டும். விருந்தினருக்கென அமைத்த வைஃபையில் கணினி சேர்ந்திருந்தாலும் (வீட்டுக்காரரே அதில் சேர்ந்துகொள்வது அபூர்வமன்று!) சேமிப்பகம் பெரும்பாலும் தென்படாது.

பழைய சேமிப்பகங்களின் விஷயம் வேறு. அவை பேசும் எஸ்.எம்.பி. 1 என்னும் நெறிமுறை, கணினி இயங்கும் 15 நாட்கள் உபயோகப்படாதிருந்தால், 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதற்கொண்டு தானாகவே அகற்றப்பட்டுவிடும். அதனை மீண்டும் இயக்குமாறு உபதேசிப்போர் பலர். எனினும், அவ்வாண்டு மே மாதம் வான்னாக்ரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியது அந்நெறிமுறையின் ஓட்டை வழியேயாதலின், சேமிப்பகத்தின் மென்பொருளைப் புதுப்பித்து, அதன் அமைப்புகளில் எஸ்.எம்.பி. 2-ஐத் தேர்ந்தெடுப்பதே விவேகம்.