மறதியும் மின்னட்டையும்

பாடத்தை மும்முறை படித்து முடித்த மாணவர், மறுநாள் தேர்வறையில் வினாத்தாளைக் கண்டதும் விடை நெஞ்சில் நிழலாடியும் எழுத்தில் வாராமல் திகைப்பதுண்டு. புத்தகத்தில் எந்தப் பக்கத்தின் எந்த மூலையில் அவ்விடை அச்சிடப்பட்டிருந்தது என்பதுகூட நினைவுக்கு வரும், விடைமட்டும் வாராது. இதனை முயற்சியின்மை என்று கடிவது முறையன்று. அவர் படித்தது உண்மை; படித்ததை நூலை மூடிவைத்து ஒருமுறையேனும் நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கவில்லை.

மறதியை அளந்தவர்

செருமானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்தார். அவருடைய ஆய்வுநூல் 1885ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு நாள் கழித்து அதே வரிசையை மீண்டும் கற்றபோது, முதன்முறை செலவிட்ட உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அவருக்கு மிச்சமாயிற்று. முப்பத்தொரு நாளுக்குப் பின்னரோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது. மறதி முதல் நாளில் விரைந்து, பின்னர் மெல்ல நடக்கிறது. ஆகவே, எப்பொழுது மீள்பார்வை செய்கிறோம் என்பது எத்தனை முறை செய்கிறோம் என்பதற்கு இணையாகக் கருதத்தக்கது.

2006ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் ஓர் உரைப்பகுதியை மீண்டும் படிக்கவும், மற்றொன்றைப் பாராமல் எழுதவும் கூறினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்த பகுதியே மேம்பட்டு நின்றது. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டோரிடம் நிலை மாறியது. மீண்டும் படித்ததில் 42 விழுக்காடும், பாராமல் எழுதியதில் 56 விழுக்காடும் நினைவிலிருந்தன. முதல்நாள் இரவுப் படிப்பு நம்மை ஏமாற்றுவதன் காரணம் இங்கே விளங்குகிறது.

பெட்டியிலிருந்து செயலிக்கு

ஒரு பக்கம் வினாவும் மறுபக்கம் விடையும் கொண்ட சிற்றட்டையே மின்னட்டை. மின்னலெனக் காட்டி மறைப்பதால் இப்பெயர். மின்சாரத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. செருமானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர், 1970களில் இவ்வட்டைகளை அறைகள் கொண்ட பெட்டியில் இட்டுப் பயிலும் முறையைப் பரப்பினார். சரியாக விடை கூறிய அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். தவறியது முதல் அறைக்கே திரும்பும். பின் அறைகளிலுள்ளவை நீண்ட இடைவெளிக்கு ஒருமுறையே எடுக்கப்படும். இக்கணக்கைக் கணினியிடம் ஒப்படைக்கும் வழியை 1980களில் போலந்து நாட்டின் பியோத்தர் வோஸ்னியாக் வகுத்தார். 2006இல் வெளிவந்த ‘அன்கி’ என்னும் செயலியும் இவ்வழியில் அமைந்ததே. மனப்பாடம் என்பது அந்தச் சப்பானியச் சொல்லின் பொருள்.

அட்டை எழுதும் முறை

செயலியை நிறுவுவது எளிது. நல்ல அட்டை எழுதுவது அரிது. ‘ஐங்குறுநூறு பற்றி எழுதுக’ என்று ஓர் அட்டை எழுதினால், விடையில் பாதி தெரிந்தவர் சரி என்பாரா, தவறு என்பாரா? அதனைப் பிரித்து, ‘ஐங்குறுநூற்றில் நெய்தல் திணையைப் பாடியவர் யார்?’ என்று வினவினால் ‘அம்மூவனார்’ என்னும் ஒரே விடை வரும். மருதத்திற்கு ஓரம்போகியார், குறிஞ்சிக்குக் கபிலர், பாலைக்கு ஓதலாந்தையார், முல்லைக்குப் பேயனார் எனத் தனித்தனி அட்டைகள் அமையும். பிறர் எழுதிய அட்டைக்கட்டுகள் இணையத்தில் ஏராளம். எனினும் தாமே எழுதுவது நன்று. எதை வினாவாக்குவது என்று எண்ணும்போதே பாடத்தின் பாதி மனத்தில் பதிந்துவிடுகிறது. விடையை வாய்விட்டுக் கூறிய பின்னரே அட்டையைத் திருப்புதல் வேண்டும். திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இது எனக்குத் தெரிந்ததுதானே’ என்பது கணக்கில் சேராது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. ஆண்டு, பெயர், வாய்பாடு, இலக்கணக் குறிப்பு ஆகியவற்றுக்கு மின்னட்டை பெரிதும் உதவும். செய்யுள் நயத்தையும் கணிதத் தேற்றத்தின் நிறுவலையும் அட்டையில் அடக்க இயலாது. அவற்றை எழுதிப் பழகுதல் வேண்டும். புரியாத ஒன்றை அட்டையாக்கினால் புரியாமலே மனப்பாடம் ஆகும்.

திறன்பேசி இல்லாதோர் வருந்த வேண்டுவதில்லை. பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டினால் அட்டைகள் கிடைக்கும். காலணிப் பெட்டியைத் தடுத்தால் அறைகள் அமையும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாம் அறையை மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாம் அறையை வாரம் ஒருமுறை எடுக்கலாம். நாளொன்றுக்குப் பத்துப் புதிய அட்டைகள் போதும். அதற்குமேல் சேர்த்தால் அடுத்த வாரம் மீள்பார்வைக்கு வரும் அட்டைகளே மலையாகிவிடும்.