மேடில்லாத தீவில் நிலக்காட்சிப் படம்

நெடுந்தீவின் 1,846 ஹெக்டேயர் நிலம் 2015 ஜூன் மாதம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. யாலவும் வில்பத்துவும் 1938இலேயே பூங்காக்களானவை. அங்கே காடு, குளம், பாறை எல்லாம் உண்டு. நெடுந்தீவில் மலை இல்லை, ஆறு இல்லை, ஏறி நின்று பார்க்க ஒரு மேடுகூட இல்லை. அதனால்தான் போய்வந்த பலருடைய போனில் பாதி வானம், பாதி வெறுந்தரை என்று ஒரே மாதிரிப் படங்கள் நிறைகின்றன. நெடுந்தீவிலும் அயல் தீவுகளிலும் படம் காலடியில் தொடங்குகிறது. தூரத்தைப் பார்ப்பதற்கு முன் முன்தரையைப் பாருங்கள்.

1. கமராவை எடுத்ததும் அடிவானத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். தட்டையான நிலத்தில் கடற்கோடு சற்றுச் சரிந்தாலும் உடனே கண்ணில் குத்தும். போன் கமராவின் அமைப்புகளில் கட்டக்கோடுகளைப் போட்டுவிட்டால் நேராகப் பிடிப்பது சுலபம். ஐப்பசி, கார்த்திகை மழை முகில்கள் திரண்டு நிற்கும் நாளில் படத்தின் மூன்றில் இரண்டு பங்கை வானத்துக்குக் கொடுக்கலாம். பங்குனி மாதத்து வெறும் வானத்துக்கு மேலே ஒரு சின்னக் கீற்று போதும். சரி நடுவில் கோடு விழலாமா? காற்றில்லாத காலையில், பண்ணைப் பாலத்தின் இருபுறமும் கடல்நீரேரி கண்ணாடியாகக் கிடக்கும்போது மட்டும் விழலாம். மீன் பிடிக்க நட்ட தடிகளும் அவற்றின் நிழலும் அப்போது சரிபாதியாக அமையும்.

2. நெடுந்தீவின் பெரிய வரம் அதன் கல்வேலிகள். சாந்து பூசாமல் முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் வளவுக்கு வளவு ஓடுகின்றன. அமெரிக்கப் படக்கலைஞர் அன்சல் அடம்ஸ் 1942இல் கிராண்ட் டீட்டன் பூங்காவில் எடுத்த புகழ்பெற்ற படத்தில், வளைந்து செல்லும் ஸ்னேக் ஆறு பார்ப்பவரின் கண்ணை மலையடி வரை கூட்டிச் செல்லும். இங்கே அந்த வேலையைக் கல்வேலி செய்யும். வேலியைப் படத்தின் கீழ்மூலையிலிருந்து உள்ளே நுழைய விடுங்கள். நட்டநடுவே நேர்கோடாக ஓடவிட வேண்டாம். குந்தியிருந்து வேலியின் உயரத்துக்கே கமராவை இறக்கினால், அருகிலுள்ள கல்லில் பவளப்பூச்சிகள் விட்டுப்போன துளைகள்கூடத் தெரியும். முக்கியமாக, அந்தக் கோடு எங்காவது போய்ச் சேரவேண்டும்: ஒரு பனை, ஒரு படலை, மேயும் மாடு, எதுவானாலும் சரி. முடிவில்லாமல் படத்துக்கு வெளியே ஓடும் வேலி கண்ணையும் வெளியே கொண்டுபோய்விடும். வேலிமேல் ஏறி மட்டும் நிற்காதீர்கள். சாந்தில்லாத கல் சரிந்தால் உங்களுக்கும் காயம், வேலிக்கும் கேடு.

3. பனங்கூடலை எடுக்கும்போது மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியவேண்டும். இரண்டு வட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெரிந்தால் இடமோ வலமோ நாலடி நகருங்கள். அந்திக் கருநிழல் படத்துக்கு இது கட்டாயம்.

4. குறிகட்டுவானில் காலைப் படகேறி அன்றே திரும்புகிறவர்களுக்கு நெடுந்தீவில் கிடைப்பது பெரும்பாலும் உச்சிவெயில்தான். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்குமேல் நிற்கும். பொருள்களின் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அந்த நேரத்தைக் கடலுக்குக் கொடுங்கள். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல் ஆகையால், வெயில் செங்குத்தாக இறங்கும்போதுதான் அடிமணலின் வெண்மையும் நீரின் பச்சையும் எழும்பும். போலரைசர் கண்ணாடி இருந்தால் மெல்லத் திருப்பிப் பாருங்கள், நீர்மேல் மின்னும் பளபளப்பு விலகும். கோட்டைச் சுவர், புறாக்கூடு, பெருக்கு மரம் எல்லாவற்றுக்கும் சாய்ந்த வெயில் வேண்டும். முடிந்தவர்கள் ஓர் இரவு தங்குங்கள். ஒரு விடியலும் ஓர் அந்தியும் தருவதை ஐந்து பகல் பயணங்கள் தரமாட்டா.

5. ஐரோப்பியர் காலத்தில் வந்த குதிரைகளின் வழிவந்தவை நெடுந்தீவின் தெற்குப் புல்வெளிகளில் கட்டின்றித் திரிகின்றன. நின்றுகொண்டு எடுத்தால் அடிவானக் கோடு குதிரையின் கழுத்தை வெட்டும். முழங்காலிட்டால் தலையும் பிடரியும் வானத்தின்மேல் தெளிவாக நிற்கும். குதிரை நோக்கும் பக்கம் கூடுதல் இடம் விடுங்கள். குதிரையை மட்டும் நிரப்பாமல், அது மேயும் வெளியின் அகலத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். நிலக்காட்சி என்பது அதுதான். ஆடி, ஆவணியில் தண்ணீர் வற்றியிருக்கும். அப்போது நீர்நிலைக்கு வரும் மந்தையின் வழியில் நிற்கவோ, ஓடவைப்பதற்காக விரட்டவோ கூடாது. தாகத்தோடு திரும்பிப்போகும் குட்டியைவிட எந்தப் படமும் பெரிதல்ல.

6. பெருக்கு மரத்தின் பருமன் படத்தில் தெரியாது, பக்கத்தில் ஆள் நின்றால்தான் தெரியும். ஆளை அடிமரத்தை ஒட்டி நிற்கவையுங்கள். கமராவுக்கு அருகில் நின்றால் மரம் சிறுத்துவிடும்.

7. படகில் இருந்து எடுப்பதானால் முழங்கையைக் கைபிடிக் கம்பியில் ஊன்ற வேண்டாம், எஞ்சின் அதிர்வு கமராவுக்கு ஏறும். ஷட்டர் வேகத்தை 1/1000 அளவுக்கு வையுங்கள். நயினாதீவை நெருங்கும்போது நாகபூசணி அம்மன் கோபுரத்தைத் தனியாக இழுத்து எடுப்பதைவிட, முன்னால் கொஞ்சம் கடலும் ஒரு வள்ளமும் சேர்வது நல்லது. அது தீவுக்கோயில் என்பது அப்போதுதான் புரியும். ஆனி மாதத் திருவிழா சோளகக் காற்றுக் காலம். கடல் தெறிக்கும், உறை கொண்டுபோங்கள். கோயிலுக்குள்ளும் நாகவிகாரையிலும் கேட்டுவிட்டே கமராவை எடுங்கள்.

8. ஊர்காவற்துறை இறங்குதுறையில் நின்றால் காரைநகருக்கு இடைப்பட்ட நீரில் கடற்கோட்டை தெரியும். கோட்டை வடமேற்கே இருப்பதால், சூரியன் மேற்கிலிருந்து வடக்கே விலகி மறையும் ஆனி, ஆடியில்தான் அந்தி நிறம் அதன் பக்கம் நெருங்கும். மார்கழியில் அதே இடத்தில் சூரியன் தென்மேற்கே போய்விடும். அப்போது விடியலில் வாருங்கள், கோட்டைச் சுவரில் நேரே வெயில் விழும்.

9. தீவுகளில் கூரையிழந்த வீடுகள் ஏராளம். அவை ஆளில்லா இடிபாடுகள் அல்ல, இடம்பெயர்ந்து போன குடும்பங்களின் வளவுகள். வாசலுக்கு வெளியே நின்று எடுங்கள், அயலில் ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கு நெடுந்தீவில் நினைவிடம் இருக்கிறது. அது செல்ஃபிக்கான பின்னணி அல்ல. கடற்படை முகாம்களைச் சட்டகத்துக்கு வெளியே வையுங்கள். ட்ரோனுக்கு முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும்.

10. உப்புக்காற்று லென்ஸில் படியும். உலர்ந்த துணியால் உடனே தேய்த்தால் உப்புத்துகள் கீறும். முதலில் ஊதுகுமிழால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மென்துணியால் ஒற்றி, கடைசியில் உலர் துணியால் துடையுங்கள். முக்காலியின் கால்களையும் அன்றிரவே நன்னீரில் கழுவி, மூட்டுகளைத் திறந்து காயவிடுங்கள்.